நடந்து வந்ததும் விழுங்கும் அந்த மாத்திரை

கேள்வி: எனக்கு வயது 48. பள்ளியில் கணித ஆசிரியை. எட்டு மாதங்களுக்கு முன் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன், தினமும் காலையில் 45 நிமிடம் நடக்கிறேன். உறவினர் ஒருவர், 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்தான் எல்லா நோய்க்கும் மூலம். ஃப்ரீ ராடிக்கல்களை அழித்தால் சர்க்கரை தானாக இறங்கும்' என்று சொல்லி ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை வாங்கித் தந்தார். வைட்டமின் சி 1,000 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 யூனிட், பீட்டா கரோட்டின் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. நடந்து வந்ததும் ஒன்று விழுங்குகிறேன். 30 ஆண்டுகளாகப் புகைபிடிக்கும் என் கணவருக்கும் தினம் ஒன்று கொடுக்கிறேன். எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கும் மகளோ, 'அம்மா, செல்லுக்குள் தகவல் கொண்டுபோவதே அந்த ஆக்சிஜன்தான், அதைப் போய் அழிக்கலாமா?' என்கிறாள். யார் சொல்வது சரி? மாத்திரையைத் தொடரலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் கணவரின் விஷயம். இந்தப் பதிலை முழுதாகப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். அவருக்குக் கொடுக்கும் மாத்திரையை இன்றே நிறுத்திவிடுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். உங்களுக்கும் அது வேண்டாம் என்பதே என் கருத்து. மெட்ஃபார்மினை மட்டும் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

இனி, யார் சொல்வது சரி என்ற கேள்விக்கு வருகிறேன். நான் மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிப்பவன். முதலாண்டு மாணவர்கள் ஆய்வகத்துக்கு வந்ததும் செய்து காட்டுவது ஒன்று உண்டு. சோதனைக் குழாயில் மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொஞ்சம் ஊற்றி, நகத்தளவு ஆட்டு ஈரலை அதில் போடுவேன். போட்ட கணத்தில் வெள்ளை நுரை குழாயின் வாய்வரை பொங்கும், குழாய் கையில் கதகதப்பாகும். கனன்றுகொண்டிருக்கும் ஊதுபத்தியை நுரைக்கு அருகில் கொண்டுபோனால் கங்கு பளிச்சென்று ஒளிரும், வெளிவருவது ஆக்சிஜன். அதே ஈரலை வேகவைத்துப் போட்டால் ஒரு குமிழ்கூட வராது. ஈரலில் உள்ள கேட்டலேஸ் என்ற நொதிதான் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. வேகவைத்ததும் அது செத்துவிடுகிறது. பிறகு மாணவர்களிடம் கேட்பேன்: நாம் யாரும் பெராக்சைடு குடிப்பதில்லையே, ஈரலுக்கு இந்த நொதி எதற்கு?

பதில், நம் செல்களே ஓயாமல் பெராக்சைடைத் தயாரிக்கின்றன என்பது. உங்கள் உறவினரும் மகளும் பிரிவது இந்த இடத்தில்தான். 'உடலுக்குள் தயாராகும் விஷம்' என்கிறார் அவர். 'விஷமென்றால் உடல் ஏன் தயாரிக்க வேண்டும்?' என்று கேட்கிறாள் அவள்.

உறவினர் சொல்வது ஆதாரமே இல்லாத பேச்சு என்று நான் நினைக்கவில்லை. 1956இல் அமெரிக்காவின் டென்ஹாம் ஹார்மன், ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் ஃப்ரீ ராடிக்கல்களே (எலக்ட்ரான் ஒன்று துணையின்றி நிற்பதால் பக்கத்தில் உள்ளவற்றோடு சட்டென்று வினைபுரியும் துகள்கள்) செல்களைச் சிதைத்து முதுமையைக் கொண்டுவருகின்றன என்றார். 1969இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும், சூப்பர்ஆக்சைடு என்ற ராடிக்கலைப் பெராக்சைடாக மாற்றி அடக்குவதற்கென்றே உடலில் ஒரு நொதி இருப்பதைக் கண்டார்கள். அடக்குவதற்குத் தனியாக ஒரு நொதியே இருக்கிறதென்றால், அடக்கப்படுவது எதிரி என்றுதானே எவருக்கும் தோன்றும்? 1985இல் ஜெர்மனியின் ஹெல்முட் சீஸ் 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்ற கருத்தை, அதாவது இந்த ஆக்சிஜன் பொருள்கள் உடலின் தடுப்பு ஏற்பாடுகளை மிஞ்சும் நிலையை, வரையறுத்தார். அதற்குப் பிறகு கடைகளில் ஆன்டிஆக்சிடன்ட், அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும், மாத்திரைகள் நிறைந்தன. ஆனால் அதே சீஸ், பின்னாளில், இந்த அழுத்தத்தில் உடலுக்கு நன்மை செய்யும் வகை வேறு, கேடு செய்யும் வகை வேறு என்று பிரித்து எழுதினார். அந்தச் செய்தி டப்பாவின் மேல் அச்சாகவில்லை.

நன்மை செய்யும் வகை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வரிக்குதிரை மீனின் குஞ்சு நல்ல சாட்சி. கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் சின்ன மீன் அது. 2009இல் ஹார்வர்டில் அதன் வால் துடுப்பின் நுனியைக் கத்தரித்துவிட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடைக் காட்டிக்கொடுக்கும் ஒளிரும் புரதத்தின் உதவியுடன் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். வெட்டுப்பட்ட விளிம்பிலிருந்து சில நிமிடங்களிலேயே பெராக்சைடு உள்நோக்கிப் பரவியது. காயத்தருகே அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. அதன் பிறகே வெள்ளணுக்கள் காயத்தை நோக்கி வந்தன. பெராக்சைடைச் சுரக்கும் நொதியைத் தடுத்தபோது அவை வரவில்லை. காயம்பட்ட திசு 'இங்கே வா' என்று கூப்பிட்ட குரலே அந்தப் பெராக்சைடுதான்.

வந்து சேர்ந்த வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்லவும் இதே ஆக்சிஜன் பொருள்களைத்தான் நம்பியிருக்கின்றன. சூப்பர்ஆக்சைடைத் தயாரிக்கும் நொதி பிறவியிலேயே பழுதான குழந்தைகள் உண்டு. சாதாரணப் பூஞ்சையும் பாக்டீரியாவும் அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டிகளையும் நிமோனியாவையும் கொண்டுவரும். அப்படிப்பட்ட ஒரு குழந்தையைப் பார்த்தவர்கள் 'ஃப்ரீ ராடிக்கல்களை எல்லாம் அழித்துவிடுவோம்' என்று சொல்லமாட்டார்கள்.

இனி உங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள இன்சுலின். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடை முழுவதும் இதற்குள் இருக்கிறது.

சாப்பிட்ட பிறகு இன்சுலின் தசைச் செல்லின் வாசலுக்கு வருகிறது. செய்தியைச் சொல்ல அது உள்ளே நுழைய வேண்டியதில்லை. வெளிச்சுவரில் இருக்கும் ஏற்பியைத் தொட்டால் போதும். தொட்டதும் ஏற்பியின் உட்பகுதி தன்மீதும் பக்கத்துப் புரதங்கள்மீதும் பாஸ்பேட்டை ஒட்டுகிறது, நெற்றியில் பொட்டு வைப்பது போல. பொட்டு வைத்த புரதம் அடுத்ததைத் தூண்டுகிறது, அது இன்னொன்றைத் தூண்டுகிறது. கடைசியில், செல்லுக்குள் ஒதுங்கியிருந்த குளுக்கோஸ் கதவுகள் மேலே வந்து பதிந்து சர்க்கரையை உள்ளே விடுகின்றன.

பொட்டை அழிப்பதற்கும் ஒரு நொதி பக்கத்திலேயே காத்திருக்கிறது. அதன் பெயர் பி.டி.பி.1பி. வைத்த பொட்டை உடனுக்குடன் அது துடைத்துக்கொண்டே இருந்தால் செய்தி வாசலிலேயே நின்றுவிடும். ஆகவே இன்சுலின் தொட்ட கையோடு, செல்லின் சுவரை ஒட்டி இன்னொரு நொதி கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தயாரிக்கிறது. அழிக்கும் நொதியின் நடுவில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதிலுள்ள கந்தகம் பெராக்சைடைக் கண்டால் சட்டென்று வினைபுரியும். வினைபுரிந்ததும் அந்த நொதி முடங்கிவிடுகிறது, பொட்டு நிலைக்கிறது, செய்தி உள்ளே போய்ச் சேர்கிறது. வேலை முடிந்ததும் குளுட்டாதயோன், தயோரெடாக்சின் ஆகிய செல்லின் காப்புப் பொருள்கள் கந்தகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர, நொதி மறுபடி எழுந்துகொள்கிறது.

இதில் என்னை இன்றும் வியக்கவைக்கும் நுட்பம் ஒன்று உண்டு. கந்தகம் மேலும் மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் நொதி திரும்ப முடியாதபடி கெட்டுவிடும். அப்படி நேராமல், பாதி வினைபுரிந்த கந்தகம் பக்கத்திலிருக்கும் நைட்ரஜனோடு கைகோத்து ஒரு சின்ன வளையமாக மூடிக்கொள்கிறது. 2003இல் படிக அமைப்பை ஆராய்ந்து இதைக் கண்டார்கள். தற்செயலாகத் தாக்கும் விஷத்துக்காக ஒரு புரதம் இவ்வளவு ஏற்பாடாக இருக்காது. உங்கள் மகளின் கட்சி வலுவானது என்பதற்கு எனக்கு இந்த ஒரு வளையமே போதும். இன்னும் சொல்லப்போனால், எலியின் கொழுப்புச் செல்களில் வெறும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்தாலே, இன்சுலின் வந்ததுபோல அவை சர்க்கரையை உள்ளிழுப்பதை 1970களிலேயே பார்த்துவிட்டார்கள்.

நீங்கள் கணித ஆசிரியை என்பதால் அளவையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வில் இருக்கும் செல்லுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடின் செறிவு சுமார் 1 முதல் 10 நானோமோலார் (செறிவை அளக்கும் மிகச் சிறிய அலகு). செய்தி சொல்லும்போது 100 வரை உயரலாம். அதைத் தாண்டி ஏறினால், இறங்காமல் நின்றால், கேடு தொடங்குகிறது. நான் ஆய்வகத்தில் ஊற்றும் 3 சதவீதக் கரைசல் செல்லுக்குள் இருப்பதைவிடப் பல கோடி மடங்கு செறிவானது. பொருள் ஒன்றுதான். எவ்வளவு, எங்கே, எத்தனை நேரம் என்பவையே அது செய்தியா சேதமா என்று தீர்மானிக்கின்றன.

சர்க்கரை நோயில் நடப்பது இந்தக் கணக்கு தவறிப்போவதுதான். இரத்தத்தில் குளுக்கோஸும் கொழுப்பு அமிலங்களும் இரவுபகலாக நிரம்பி வழியும்போது, செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் விறகு அளவுக்கு மீறித் திணிக்கப்படுகிறது. அங்கிருந்து சூப்பர்ஆக்சைடு ஓயாமல் கசிகிறது. இப்போது விழித்துக்கொள்பவை ஜே.என்.கே. போன்ற அபாயகால நொதிகள். அவையும் பாஸ்பேட் பொட்டுத்தான் வைக்கின்றன, ஆனால் புரதத்தின் தவறான இடத்தில். அந்தப் பொட்டு விழுந்த புரதம் இன்சுலினின் செய்தியை வாங்க மறுக்கிறது. மருத்துவர் உங்களிடம் இன்சுலின் எதிர்ப்பு என்று சொல்லியிருப்பாரே, அதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சில நிமிடங்கள் எழுந்து அடங்கும் பெராக்சைடு இன்சுலினுக்கு வழிவிடுகிறது. மாதக்கணக்கில் நிற்கும் பெராக்சைடு அதே வழியை அடைக்கிறது. உங்கள் உறவினர் சொன்னது இந்த இரண்டாவது பகுதிக்குப் பொருந்தும்.

அப்படியானால் மாத்திரை இந்த இரண்டாவதை மட்டும் அடக்காதா என்று கேட்பீர்கள். மாத்திரைக்கு அந்த விவரம் தெரியாது. இது இன்சுலின் அனுப்பிய பெராக்சைடு, இது அடுப்பிலிருந்து கசிந்தது என்று அதனால் பிரித்துப் பார்க்க இயலாது. மாத்திரையால் பயன் உண்டா என்று மனிதர்களிடமே பார்த்திருக்கிறார்கள். 2000இல் வெளியான ஹோப் ஆய்வில், இதயநோய் அபாயம் அதிகமுள்ள 9,500க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். அவர்களில் பலர் உங்களைப் போலச் சர்க்கரை நோய் உள்ளவர்கள். பாதிப் பேருக்கு வைட்டமின் ஈ, தினமும் 400 யூனிட், சுமார் நாலரை ஆண்டுகள் கொடுத்தார்கள். மாரடைப்பும் குறையவில்லை, மரணமும் குறையவில்லை. தொடர்ந்து கவனித்தபோது, வைட்டமின் எடுத்தவர்களிடம் இதயச் செயலிழப்பு சற்று அதிகமாகவே இருந்தது.

உங்கள் கடிதத்தில் என்னை உடனே நிமிர்ந்து உட்காரவைத்த வரி, 'நடந்து வந்ததும் ஒன்று விழுங்குகிறேன்' என்பது. நடக்கும்போது உங்கள் தொடைத் தசைகளும் கூடுதலாக இந்த ஆக்சிஜன் பொருள்களைத் தயாரிக்கின்றன. தசைக்கு அது ஒரு செய்தி: 'வேலை கூடியிருக்கிறது, மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கு, பாதுகாப்பு நொதிகளைத் தயார்செய்.' 2009இல் ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோவின் குழு, ஆரோக்கியமான சுமார் 40 இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்தது. பாதிப் பேருக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். வைட்டமின் சி 1,000 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 யூனிட். உங்கள் டப்பாவில் இருக்கும் அதே அளவு. மாத்திரை இல்லாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலைசெய்யத் தொடங்கியது. மாத்திரை போட்டவர்களிடம் அந்த முன்னேற்றம் தென்படவில்லை. அவர்களுடைய தசையில் பாதுகாப்பு நொதிகளும் உயரவில்லை.

அவர்கள் இளைஞர்கள், சர்க்கரை நோய் இல்லாதவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னால் வந்த ஆய்வுகள் சிலவற்றில் மாத்திரை இந்த அளவுக்குத் தடை செய்யவில்லை. ஆனால் நடைப்பயிற்சியின் பயனை இந்த மாத்திரை கூட்டுகிறது என்று நம்பும்படி எதுவும் என் கண்ணில் படவில்லை. விடிகாலையில் எழுந்து 45 நிமிடம் நடந்து நீங்கள் சம்பாதிப்பதை, காசு கொடுத்து வாங்கிய ஒன்றால் பணயம் வைக்க வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

பாதுகாப்பு நொதிகள் என்று சொன்னேன் அல்லவா, உடலின் உண்மையான ஆன்டிஆக்சிடன்ட்கள் அவைதான். அவற்றின் சாவி என்.ஆர்.எஃப்-2 என்ற புரதத்திடம் இருக்கிறது. அமைதியான நேரத்தில் கீப்-1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து, குப்பைக்கு அனுப்பும் அடையாளம் குத்திவிடுகிறது. செய்யப்பட்ட என்.ஆர்.எஃப்-2 சுமார் 20 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். கீப்-1இன் மேல் சிஸ்டீன்கள் உண்டு. அவற்றின் கந்தகத்தைக் கொஞ்சம் ஆக்சிஜனேற்றம் தொட்டுவிட்டால் பிடி தளர்கிறது. தப்பித்த என்.ஆர்.எஃப்-2 உட்கருவுக்குப் போய், குளுட்டாதயோன் தயாரிக்கும் ஜீன்கள் உட்பட இருநூறுக்கும் மேற்பட்ட ஜீன்களைத் தட்டி எழுப்புகிறது. சிறிய தொல்லை வந்தால்தான் பெரிய பாதுகாப்பு விழிக்கும். தொல்லையே எட்டாதபடி மூடி வைத்தால் அது உறங்கிக்கொண்டிருக்கும்.

சில காய்களும் இந்தக் கந்தகத்தைத் தொடுகின்றன. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், முருங்கை ஆகியவற்றில் உள்ள காரச் சத்து அப்படிப்பட்டது. தாளித்த கடுகில் அவ்வளவு காரம் இருப்பதில்லை, ஊறுகாய்க்குப் பச்சையாக அரைத்த கடுகு மட்டும் மூக்கில் ஏறுகிறது. ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? அந்தக் காரம் கடுகுக்குள் தயாராக இல்லை. விதை நசுங்கி, ஈரம் பட்டு, ஒரு நொதி வேலைசெய்த பிறகே பிறக்கிறது. கொதிக்கும் எண்ணெயில் அந்த நொதி, என் சோதனைக் குழாயில் வெந்த ஈரலின் நொதியைப் போல, செத்துவிடுகிறது. முட்டைக்கோஸை நறுக்கிக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுச் சமைப்பதில் பொருள் இருப்பது இதனால்தான். இவை சர்க்கரை நோயை ஆற்றும் என்று நான் சொல்லவில்லை. சாப்பாட்டோடு சாப்பாடாக இருக்கட்டும். நெல்லிக்காயும் கொய்யாவும் சாப்பிடலாமா என்ற சந்தேகமும் உங்களுக்கு வரும், தாராளமாகச் சாப்பிடலாம். காயில் வருவது 1,000 மில்லிகிராம் ஒரே மடக்கில் வருவதற்கு ஒப்பானதல்ல.

இப்போது உங்கள் கணவர். ஃபின்லாந்தில் 50 முதல் 69 வயதுள்ள 29,133 ஆண்களை ஒரு பெரிய ஆய்வில் சேர்த்தார்கள். எல்லோரும் புகைபிடிப்பவர்கள். காய்கறி அதிகம் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று அதற்கு முன் பலமுறை தெரிந்திருந்ததால், பீட்டா கரோட்டின் மாத்திரை அவர்களைக் காப்பாற்றும் என்று நம்பினார்கள். 1994இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். நம்ப முடியாமல் இருந்தவர்களும் உண்டு. ஆனால் அமெரிக்காவில், புகைபிடிப்பவர்களுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தொழிலாளர்களுக்கும் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏயும் கொடுத்து நடந்த இன்னோர் ஆய்விலும் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் கூடியது. 1996 ஜனவரியில், திட்டமிட்டதற்கு 21 மாதங்கள் முன்னதாகவே அதை நிறுத்திவிட்டார்கள்.

செல்லுக்குள் என்ன நடந்திருக்கலாம் என்பதற்கு 2014இல் சுவீடனில் எலிகளிடம் ஒரு துப்பு கிடைத்தது. நுரையீரலில் புற்றுக்கட்டி தொடங்கும் நிலையிலிருந்த எலிகளுக்கு வைட்டமின் ஈயும், என்-அசிட்டைல் சிஸ்டீன் என்ற ஆன்டிஆக்சிடன்ட்டும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் கட்டிகள் வேகமாக வளர்ந்தன. நம் செல்களில் பி53 என்ற காவல் புரதம் உண்டு. மரபணுவுக்குச் சேதம் என்று தெரிந்தால் செல் பெருகுவதை நிறுத்திவைப்பது அதன் வேலை. அதை உசுப்பும் செய்திகளில் ஒன்று இதே ஆக்சிஜனேற்றம். மாத்திரை அந்தச் செய்தியைத் தணித்ததும் பி53 அடங்கிப்போனது, கெட்டுப்போன செல்களைத் தடுக்க ஆளில்லாமல் போயிற்று. எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்கு எழுதிவிட முடியாதுதான். ஆனாலும், 30 ஆண்டுகள் புகைபட்ட நுரையீரலுக்குள் அந்தக் காவலைத் தணிக்கக்கூடிய எதையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. காரட்டும் பப்பாளியும் கீரையும் அவர் சாப்பிடலாம், பயம் வேண்டாம். ஆபத்து மாத்திரையின் அளவில்தான்.

உங்களுக்கு இன்னும் சில வார்த்தைகள். அதிக அளவு வைட்டமின் சி, சர்க்கரை அளக்கும் கருவிகள் சிலவற்றின் கணக்கைக் குழப்பும். சமீபத்தில் வீட்டில் பார்த்த எண்கள் விசித்திரமாக இருந்திருந்தால் மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் கழித்து, அந்த மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ1சி சோதனை பாருங்கள். மெட்ஃபார்மின் நெடுநாள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும், அதையும் அப்போதே சோதித்துக்கொள்ளலாம். குறைந்திருந்தால் அதற்கான மாத்திரையை மருத்துவர் தருவார், தயங்காமல் எடுங்கள். குறை இருக்கும் இடத்தில் வைட்டமின் மருந்துதான். முடிந்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடங்கள். சுருங்கி விரியும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் திணிக்கப்படும் விறகு குறையும். அடுப்பில் கசிவை அடைக்க எனக்குத் தெரிந்த நம்பகமான வழி அதுதான்.

மாத்திரை வாங்கித் தந்தவர் உங்கள்மீது அக்கறை கொண்டுதான் தந்திருப்பார். அவரிடம் சண்டை வேண்டாம். இந்தப் பதிலைக் காட்டுங்கள், போதும்.

கணவரிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். ஒவ்வோர் இழுப்புப் புகையிலும் ஃப்ரீ ராடிக்கல்கள் கொத்துக்கொத்தாக உள்ளே போகின்றன. அவருக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் குறைய வேண்டுமென்றால் குறைக்க வேண்டியது சிகரெட்டை. மன உறுதி மட்டும் வைத்து விடச்சொன்னால் பலரால் முடிவதில்லை, அது அவர்கள் குற்றமும் இல்லை. நிகோடின் சூயிங்கம்மும், மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளும் உதவுகின்றன. சிகரெட் பெட்டியின் மேலேயே 1800-11-2356 என்ற இலவச எண் அச்சிட்டிருக்கும். அதில் ஆலோசகர்கள் பேசுவார்கள். அவர் அழைக்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அவருக்கு மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ, சளியில் ஒரு துளி இரத்தம் தெரிந்தாலோ, விடுமுறை நாளுக்காகக் காத்திராமல் அன்றைக்கே நெஞ்சக மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.